ஐயா கட்டின வீட்டில் இலைபோட்டு விற்கலாமா?

போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கிளம்பும் நேரத்தில் தங்கை மகன் ஓரமாகக் கூப்பிட்டான். அவர்கள் பூர்வீக வீட்டில் அவனும் அவன் மனைவியும் மத்தியானச் சாப்பாடு போட உத்தேசமாம். நாளைக்கு முப்பது இலை, முதல் நாளே சொல்கிறவர்களுக்கு மட்டும். பங்காளிகள் ஒன்பது பேரில் நாலு பேர் சரி என்கிறார்கள், நாலு பேர் கூடாது என்கிறார்கள், மூத்தவர் ஒருவர் வாயே திறக்கவில்லை. "அம்மான், நீங்க அவுகளோட ஒரு வார்த்தை பேசணும். நீங்க சொன்னா கேப்பாக" என்றான்.

அவனுக்குத் தெரியாது, இதே கேள்விக்கு இருபது வருஷத்துக்கு முன் "கூடாது" என்று சொன்னவன் நான். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு 1920களில் ஐயாவின் அப்பா பர்மாப் பணத்தில் கட்டியது. நம் பக்கத்து வீடுகள் எல்லாம் அப்படித்தானே. பர்மாத் தேக்குத் தூண், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய சுவர், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளிவருகிற நீளம். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது கொண்டுவிற்கப் போனவர்கள் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலமும் போயிற்று. வருமானம் நின்றது, வீடு நின்றது. கட்டினவர் ஒருவர். நாங்கள் பெரியவர்கள் ஆனபோது பதினாலு புள்ளி.

2001 என்று ஞாபகம். பெரியப்பச்சி மகன் இறந்தபிறகு, அண்ணமிண்டி மட்டும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். கைப்பக்குவம் என்றால் அவர்கள்தான். வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி கழுவின தண்ணீர் எத்தனாவது தண்ணீர் என்பதுவரை கணக்கு. ஒரு நாள் பங்காளிகள் எல்லோரையும் முகப்பில் கூட்டி, பட்டாலையில் தினம் இருபது இலை போட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். வருகிற காசில் பாதி ஓடு மாற்ற, பாதி தன் சாப்பாட்டுக்கு.

அன்று அதிகம் பேசியவன் நான். பேங்க் உத்தியோகம் அல்லவா? லைசென்ஸ் யார் பேரில், கணக்கு யார் பார்ப்பது, சாப்பிட்டவனுக்கு வயிறு கெட்டால் யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவை காரணம் இல்லை. ஐயா கட்டின வீட்டில் எவனோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பில் கேட்பான் என்ற நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணமிண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "சரி, ஓடு மாத்த யாரு காசு குடுக்கப் போறிய?" யாரும் பதில் சொல்லவில்லை, நானும் உட்பட.

அடுத்த வருஷம் அவர்கள் மகளோடு போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டினோம். ஓடு உடைந்து, மழை இறங்கி, உத்தரம் உளுத்தது. பத்து வருஷத்தில் பதினாலு பேரும் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு பத்திரத்தில்: வீட்டை இடித்து மரத்தை விற்கும் பத்திரத்தில். தூணுக்கு இத்தனை, நிலைக்கதவுக்கு இத்தனை என்று லாரி ஏறியது. என் பங்குக்கு வந்த தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இன்று நான் என்ன நினைக்கிறேன் என்றால், வெட்கப்பட வேண்டிய இடத்தை நாங்கள் மாற்றிப் புரிந்துகொண்டோம். வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்ததைக் கௌரவம் என்றோம். அந்தப் பணத்தில் கட்டின வீட்டில் சோற்றுக்குக் காசு வாங்குவது மட்டும் கௌரவக் குறைவா? அதிலும் இந்த வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டவை? ஒரு பந்தியில் நூறு பேர் உட்காரத்தான் பட்டாலை. புகை வெளியேறத்தான் அடுப்படியை ஒட்டி முற்றம். பத்து மரக்கால் அரிசி வடிக்கிற அண்டாவும் தூக்குச் சட்டியும் இன்னும் அறைகளில் தூங்குகின்றன. விருந்துக்கென்றே கட்டின வீட்டில் விருந்து போடுவது குற்றமில்லை. பூட்டிப்போட்டதுதான் குற்றம்.

செய்து காட்டியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். காரைக்குடியில் 'பங்களா'வை அந்தக் குடும்பத்து ஆச்சியே முன்னின்று 1999ல் விடுதியாகத் திறந்தார். வெளிநாட்டுக்காரர்களும் வந்து இலையில் சாப்பிட்டுப் போகிறார்கள். அந்தச் சமையல் புத்தகமாகவும் வந்துவிட்டது. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களும் ஏறின. நல்லதுதான். ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது. வாரம் ஒருமுறை ஓட்டை ஏறிப் பார்க்க, வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு வரும்படி இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள் எடுத்து நடத்துகிற வீடுகளும் உண்டு, சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. இருந்தாலும் வீட்டுக்காரர்களே நடத்தினால் வேறு ஒன்று கிடைக்கிறது. கும்மாயத்துக்கு உளுந்தை எந்த நிறத்தில் வறுக்க வேண்டும், கவுனி அரிசி பர்மாவிலிருந்து எப்படி வந்தது, அந்தப் படத்தில் இருக்கிற பெரியவர் யார் என்று பரிமாறும்போதே சொல்ல ஆள் இருக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "செய்" என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. தங்கை மகனிடம் நாலு விஷயம் சொன்னேன். முதலாவது, பங்காளிகள் அத்தனை பேரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ப்பேச்சு வருமானம் வரும்வரைதான் நிற்கும். இரண்டாவது, வருகிற காசில் முதல் செலவு கூரை, அதற்குப் பிறகுதான் லாபம். மூன்றாவது, படைப்புக்கும் வீட்டுக் கல்யாணங்களுக்கும் கடை மூடியாக வேண்டும். அன்று எந்தப் பங்காளியும் விருந்தாளி மாதிரி நிற்கக் கூடாது. நாலாவது, கலர் பொடி போட்ட சிவப்புக் கோழியைச் 'செட்டிநாடு' என்று விற்காதே. நம் வீட்டில் எது சமைத்தோமோ அதைச் சமை, அதற்குமேல் வேண்டாம்.

பிறகு அந்த மூத்தவர் வீட்டுக்கும் போனேன். எண்பத்திரண்டு வயது. நான் எதையும் வாதாடவில்லை. எங்கள் வீட்டுக் கதையை அப்படியே சொன்னேன், 2001ல் நான் பேசினது உட்பட. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்க வீட்டு நிலைக்கதவு இப்ப எங்க இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். எந்த ஓட்டல் வாசலிலோ, எந்தப் பணக்காரர் தோட்ட வீட்டிலோ. "யோசிக்கிறேன்" என்றார். அதுவரைதான் என்னால் முடிந்தது.

அண்ணமிண்டி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர்களிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் பூட்டிய வீட்டில் பங்கு வைத்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். வீட்டில் மிச்சமிருக்கிற ஒரு ஆள் வந்து "இலை போடலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்பதற்குமுன் ஓட்டுக்கு உங்கள் பங்கு எவ்வளவு தருவீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால், அவர்களை இலை போட விடுங்கள்.