சிகிச்சை முடிந்தது, பிறகு?

புற்றுநோய் என்றாலே மரணம் என்று அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. 1941ல் துவங்கிய பரேல் டாடா மருத்துவமனையிலும், 1954ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் குணமடைந்து வேலைக்குத் திரும்பியோர் ஏராளம்.

ஆனால், சிகிச்சையோடு விவகாரம் முடிவதில்லை. நோய் திரும்புகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வரவேண்டும். இந்தப் பயணத்துக்கும் ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுதும் தள்ளுபடி; துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனைச் சான்றிதழ் அவசியம்.

ரயில் கட்டணம் மிச்சம். போன கூலியை யார் தருவது? இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலை செய்ய இயலாதபோது, விதிகளுக்கு உட்பட்டு, ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை பெறலாம். பதிவே இல்லாத தாராவிப் பட்டறைத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஒருநாள் கூலிக்கு அஞ்சி, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். மீண்டும் தலைகாட்டும் நோய் முற்றிய பிறகே தெரிகிறது.

டாக்டர்கள் மீட்டுத் தந்த உயிரைக் கூலிக் கணக்கு பறித்துவிடக்கூடாது. இ.எஸ்.ஐ. பதிவைத் தொழிலாளர் கேட்டு வாங்கவேண்டும்; சங்கங்கள் அவர்களுக்குத் துணை நிற்கவேண்டும்.