கடனில் இருக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா எதற்கு?

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில் ரயில் பாதையின் இரு புறமும் உள்ள சந்துகளில் நின்று நிமிர்ந்து பார்த்தால், மின்கம்பங்களில் கறுப்புக் கேபிள் வளையங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவது தெரியும். நகரத்தின் இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புத் தர ஆள் பஞ்சமில்லை. ஜியோ, ஏர்டெல் போன்ற நாடு தழுவிய நிறுவனங்கள் ஒருபுறம். அலையன்ஸ், மேக்பேலா, விஷ்நெட் போன்ற வங்கத்து நிறுவனங்கள் மறுபுறம். இவற்றுக்கு நடுவே பி.எஸ்.என்.எல்.லின் கல்கத்தா டெலிபோன்ஸ். தேர்வு இத்தனை இருக்கும்போது, கடனிலும் நஷ்டத்திலும் இருப்பதாகச் செய்தி வரும் ஒரு நிறுவனத்தின் இணைப்பை வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா என்று குடும்பங்கள் யோசிப்பது இயல்பு. நம் கருத்து இதுதான்: நஷ்டக் கணக்கைப் பார்த்து மட்டும் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம், ஆனால் அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டவும் வேண்டாம். கட்டியவர்களின் பணத்துக்குப் பாதுகாப்புத் தரும் பொறுப்பை ஒழுங்குமுறை ஆணையமும் அரசும் இனியும் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஃபைபர் இணைப்பில் எது செலவு, எது செலவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இழுத்துக் கட்டிய கண்ணாடி இழை பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனம் நொடித்தாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. நிறுவனத்தின் இணைப்பு நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் பணம் கேட்பவை மூன்று: நிலையத்துக் கருவிகளுக்கு மின்சாரம், வெளி உலகத்தோடு இணைக்கும் பேண்ட்வித்துக்கான கட்டணம், அறுந்த இழையை ஒட்டித் தரும் ஆட்களின் கூலி. பணமுடை வந்த நிறுவனம் முதலில் நிறுத்தி வைப்பது வங்கித் தவணையை அல்ல. குரல் குறைந்தவர்களின் பாக்கிதான் முதலில் தள்ளிப் போகும்: ஒப்பந்தத் தொழிலாளி, வருவாயில் பங்கு பெறும் உள்ளூர் கேபிள்காரர், மின்வாரியம், கோபுர வாடகை வாங்குபவர். எனவே ஆண்டறிக்கை பேசுவதற்கு வெகு முன்பே சந்தாதாரரின் வீட்டுப் பெட்டி பேசிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆள் வர எத்தனை நாள் ஆகிறது, வருகிறவர் போன முறை வந்தவர்தானா, மாலை எட்டு மணிக்கு வேகம் படுத்துவிடுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான பதில்கள், தரமதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் எழுத்துகளை விட நம்பகமானவை.

இதற்குச் சாட்சி தேடித் தமிழ் வாசகர் தூரம் போக வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழகத்தில் மௌனமானதை மறந்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்து வளர்ந்த அந்த நிறுவனம் கோபுர நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை, கோபுரங்கள் அணைந்தன, வங்கிக் கணக்கு முதல் எரிவாயுப் பதிவு வரை எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்த மக்கள், எண்ணை மாற்றிக்கொள்ளும் குறியீட்டுக்காகக் கடை வாசல்களில் முண்டியடித்தார்கள். நிறுவனம் திவால் மனு போட்டது அந்த மாதக் கடைசியில்தான். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது மார்ச் மாதத்தில். அதாவது சட்டம் நோய் என்று பெயர் சூட்டும் முன்பே சேவை மூச்சை விட்டுவிட்டது. செல்பேசிக்காவது எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி இருந்தது. வீட்டு ஃபைபரில் எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை. புதிய இழை, புதிய பெட்டி, புதிய பொருத்துக் கட்டணம் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பி.எஸ்.என்.எல்.லின் கதை இதிலிருந்து வேறுபட்டது. கவனமாகப் படிக்க வேண்டியதும் அதுவே. 2019-இல் அந்த நிறுவனம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஊழியர் சம்பளத்தைத் தாமதப்படுத்தியது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை அதைவிட மோசம். பல மாநிலங்களில் அவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி கிடைக்கவில்லை. மின்கட்டணப் பாக்கியால் நிலையங்கள் இருளில் மூழ்கிய செய்திகளும் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு முதல் மீட்புத் திட்டத்தை அறிவித்தது. சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2022-இலும் 2023-இலும் மேலும் இரண்டு திட்டங்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 3.22 லட்சம் கோடி ரூபாய். பலனும் ஓரளவு தெரிகிறது: 2023-24-இல் 5,370 கோடியாக இருந்த நஷ்டம் 2024-25-இல் 2,247 கோடியாகக் குறைந்தது, அந்த ஆண்டின் கடைசி இரண்டு காலாண்டுகளில் 262 கோடியும் 280 கோடியும் லாபம். 2007-க்குப் பிறகு கண்ட முதல் காலாண்டு லாபம் இது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், நிறுவனம் தேறிவிட்டது என்பார். ஆனால் ஓய்வில் போன 78,000 பேரில் கேபிள் குழிக்குள் இறங்கிப் பழுது பார்த்தவர்களும் உண்டு. இன்று ஃபைபர் இணைப்பில் கடைசிக் கட்ட இழையைப் பெரும்பாலும் வருவாய்ப் பங்கு பெறும் உள்ளூர்க் கூட்டாளிகளே பராமரிக்கிறார்கள். அவர்களுக்குப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இழை ஒளிரும், இல்லையென்றால் தில்லியின் லாபக் கணக்கு டாக்குரியாவின் சிவப்பு விளக்கை அணைக்காது.

தனியார் கேபிள் உலகில் இன்னொரு சிக்கல் உண்டு: பில்லில் இருக்கும் பெயரும் கடனில் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். சிட்டி நெட்வொர்க்ஸ் நிறுவனத்தை இண்டஸ்இண்ட் வங்கியின் மனுவின் பேரில் 2023 பிப்ரவரியில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு திவால் நடைமுறைக்குள் கொண்டுவந்தது. கொல்கத்தாவில் சிட்டி பெயரில் சேவை தரும் துணை நிறுவனம் சட்டப்படி தனி ஆள். தாய் நிறுவனத்தின் கடன் தானாக அதன் கடன் ஆகிவிடாது. தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு அன்றே இணைப்பை மாற்ற ஓடியிருந்தால், அந்த ஓட்டத்துக்குக் காரணம் பயம் மட்டுமே. அமெரிக்காவின் ஃப்ரண்டியர் இணைய நிறுவனத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 2020 ஏப்ரலில் சுமார் 1,750 கோடி டாலர் கடனோடு அது திவால் பாதுகாப்பு கோரியது. ஓராண்டில் கடனின் பெரும்பகுதியை உதறிவிட்டு வெளியே வந்தது, ஃபைபர் இழுப்பதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டது. 2024-இல் வெரைசன் அதை 2,000 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தது. திவாலின்போது வீடுகளுக்கு இணைப்பு அறவில்லை. சந்தாதாரர் அவதிப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டுகளில்: செப்புக் கம்பி இணைப்பில் வாக்களித்த வேகத்தைத் தரவில்லை என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையமே பின்னர் வழக்குப் போட்டது. நிறுவனம் போய் இணைப்பு நிலைப்பது கொல்கத்தாவுக்கும் புதிதல்ல. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு நாட்டின் முதல் செல்பேசி அழைப்பைச் செய்தது மோடி டெல்ஸ்ட்ரா வலையமைப்பில். அந்தப் பெயர் இன்று இல்லை. வலையமைப்பு கை மாறிக் கை மாறிப் பார்தி ஏர்டெல்லிடம் போய்ச் சேர்ந்தது.

நிறுவனம் சாவது இணைப்பின் சாவு அல்ல என்றால், முன்பணத்தின் மேல் ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். மாதம் 600 ரூபாய்த் திட்டம் ஒன்று. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். 7,200-க்குப் பதில் இன்றே 6,600 கட்டுகிறோம். இது தள்ளுபடி போலத் தெரிகிறது. உண்மையில் சந்தாதாரர் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறார், நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 19 சதவீத வட்டி தருகிறது. வசூல் செலவு மிச்சம் என்பதால் நல்ல நிலையில் உள்ள நிறுவனங்களும் இந்தச் சலுகையைத் தருவதுண்டு. ஆனால் வங்கி கடன் தரத் தயங்கும் நிறுவனம் 19 சதவீதத்துக்கு வீடு வீடாகப் பணம் திரட்டுகிறது என்றால், அந்த வட்டி எதற்கான விலை என்று கேட்க வேண்டும். 2013-இல் சாரதா நிதி நிறுவனம் சரிந்ததைக் கண்ட வங்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. மோசடி நிறுவனத்தையும் முடைப்பட்ட இணைய நிறுவனத்தையும் ஒன்றாக வைப்பது நம் நோக்கமல்ல. பணம் கொடுத்தவரின் நிலைதான் இரண்டிலும் ஒன்று.

சட்டத்தில் அந்த நிலை என்ன? திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு யாருக்கு முதலில் பணம் என்று வரிசை போடுகிறது. நடைமுறைச் செலவு, அதற்குப் பின் தொழிலாளர்களும் ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும், ஊழியர்கள், ஈடில்லாக் கடன் தந்த நிதி நிறுவனங்கள், அரசு பாக்கி. அதற்கும் கீழே ‘மீதமுள்ள கடன்கள்’ என்று ஒரு வரி. ஆண்டுச் சந்தா கட்டியவர் அந்த வரியில் ஒரு துளி. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் கிடந்தார்கள். 2018-இல் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு நிதிக் கடன் கொடுத்தோர் தகுதி தந்தார்கள். இணையச் சந்தாதாரருக்கு அப்படி எதுவும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பவர்களுக்கு: தொலைத்தொடர்புச் சேவைக் குறைக்கு அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியது உண்மை. ஆனால் திவால் நடைமுறை தொடங்கியதும் 14-ஆம் பிரிவின் தடை வந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்குகளை நிறுத்திவிடும். கதவு தேவைப்படும் நாளில்தான் அது பூட்டிக் கிடக்கும்.

பி.எஸ்.என்.எல். அரசு நிறுவனம், அது எப்படிச் சாகும் என்ற எதிர்வாதம் வலுவானது, பாதி உண்மையும்கூட. அதன் உறவு நிறுவனமான எம்.டி.என்.எல்.லைப் பாருங்கள். பொதுத்துறை வங்கிகளிடம் வாங்கிய கடனில் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் அது தவணை தவறியது. அரசின் உத்தரவாதம் பெற்ற கடன்பத்திரங்களுக்கு மட்டும் அரசு கை கொடுத்தது. தில்லி, மும்பைச் சேவைகளை நடத்தும் பொறுப்பு பி.எஸ்.என்.எல்.லிடம் போனது. அரசின் கையெழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசின் பணமும் இருக்கும் என்பது இதிலிருந்து தெரிவது. சந்தா ரசீதில் அந்தக் கையெழுத்து கிடையாது. அரசு நிறுவனத்தின் ஆபத்து திடீர்ச் சாவு அல்ல. சாகாமலேயே தேய்ந்துகொண்டு போகும். வாடிக்கையாளர் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று ஆண்டுகளைக் கடத்துவார்.

எல்லோரும் முன்பணத்தை நிறுத்தினால் தேறக்கூடிய நிறுவனமும் விழுந்துவிடாதா என்பது இன்னொரு கேள்வி. மாதச் சந்தா கட்டுகிறவர் நிறுவனத்தைக் கைவிடுவதில்லை. வேலை செய்த மாதத்துக்கு முழுக் கூலி கொடுக்கிறார். அடுத்த ஆண்டின் வருமானத்தை இந்த ஆண்டே தின்றுவிட்டு நிற்கும் நிறுவனத்தை விட, மாதாமாதம் வசூலாகும் நிறுவனத்தைத்தான் வாங்க வருபவர் விரும்புவார். கூட்டமாகக் கிளம்பிப் போவதில் வேறொரு தீமையும் இருக்கிறது. பயத்தில் ஓடுபவர்கள் போய்ச் சேருமிடம் இரண்டு பெரிய நிறுவனங்கள். செல்பேசிச் சந்தை அப்படிச் சுருங்கிய பிறகு கட்டணம் எந்தத் திசையில் போனது என்று எல்லோருக்கும் தெரியும். டாக்குரியாவின் கம்பங்களில் அசிங்கமாகத் தொங்கும் அந்தக் கேபிள் சுருள்கள் (மாநகராட்சி அவற்றைப் பூமிக்கடியில் கொண்டுபோக நினைப்பதில் தவறில்லை) இந்தப் பகுதியின் கட்டணத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் போட்டியின் அடையாளமும்தான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்ய வேண்டியது கடினமான வேலை அல்ல. 2024-இல் புதுப்பித்த சேவைத் தர விதிகளின்படி பழுது நீக்கும் கால அளவை நிறுவனங்கள் தெரிவிக்கத்தான் வேண்டும். ஆனால் சேவைப் பகுதி முழுவதற்குமான சராசரி டாக்குரியாவில் இருப்பவருக்கு எதையும் சொல்லாது. நிலையவாரியான பட்டியலாக வெளியிட வேண்டும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றை அப்புறப்படுத்த ராணுவம் வர வேண்டியிருந்தது. மின்சாரமும் இணையமும் பல பகுதிகளில் நாள்கணக்கில் இல்லை. ஊரடங்கில் வீடே அலுவலகமும் பள்ளியுமாக இருந்த மாதம் அது. அப்படியொரு நாளில் எந்தெந்த நிறுவனத்திடம் தெருவில் இறக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்டக்கூடியது அந்தப் பட்டியல் ஒன்றுதான். கல்கத்தா டெலிபோன்ஸ் பொதுப் பணத்தில் மீண்ட நிறுவனத்தின் கிளை. கட்டாயம் வரும்வரை காத்திராமல் அதுவே முதலில் வெளியிடலாம். உள்ளூர்க் கூட்டாளிகளின் வருவாய்ப் பங்கு எத்தனை நாளில் பட்டுவாடா ஆகிறது என்பதையும் சேர்த்தே.

முன்பணத்துக்கு வருவோம். பழைய உரிம முறையில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களிடம் வங்கி உத்தரவாதம் வாங்கி வந்தது. நிறுவனம் கட்டத் தவறினால் துறை தனக்கு வர வேண்டிய பாக்கியை அதிலிருந்து எடுத்துக்கொள்ள. வங்கிக்கு ஈடு இருக்கிறது, அரசுக்கு உத்தரவாதம் இருந்தது. சந்தாதாரருக்குத்தான் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் சந்தாவை முன்கூட்டி வாங்கும் நிறுவனம், அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து மாதாமாதம் மட்டுமே எடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக உத்தரவாதம் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வகுக்கும் அங்கீகார நிபந்தனைகளில் ஒரு விதி சேர்த்தால் போதும். இதற்காகத் திவால் சட்டத்தைத் திருத்தவோ நாடாளுமன்றம் கூடவோ வேண்டியதில்லை.