கலீலியோவுக்கு ஏன் டபுள் கலீலியோ?

ஃபிசிக்ஸ் புக்கைத் திறந்தா கெப்ளர், கலீலியோ, நியூட்டன்னு ஒரு பெரிய கும்பலே நம்மை மிரட்ட வரிசை கட்டி நிக்கும். அதுல கலீலியோ மட்டும் கொஞ்சம் ஸ்பெஷல். முழுப் பேரு கலீலியோ கலிலி. சொந்தப் பேரும் குடும்பப் பேரும் ஜெராக்ஸ் காப்பி! பேரு வைக்கிற அன்னிக்கு அவங்கப்பா தூக்கக் கலக்கத்துல இருந்தாரோ?

அதெல்லாம் இல்லை பாஸ். இது ஒரு டாக்டரின் உபயம். 15-ம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸில் கலீலியோ போனாயூத்தி என்றொரு மருத்துவர் இருந்தார். ஊரில் செம செல்வாக்கு. அவர் வம்சம்னு சொல்லிக்கிறதே பெருமைன்னு, குடும்பமே பழைய பேரைக் கழற்றிப் போட்டுவிட்டு 'கலிலி' ஆகிவிட்டது.

அப்பா, பாட்டன் பேரைக் குடும்பப் பேராக்க இத்தாலியில் சில ரூட் உண்டு. முன்னாடி 'டி' போடலாம். ரியல் மாட்ரிட்டைக் கலக்கிய டி ஸ்டெஃபானோ, 'ஸ்டெஃபானோவோட பிள்ளை'. இல்லைன்னா கடைசியில் 'இ' சேர்க்கலாம். அப்படி வந்ததுதான் 'கலிலி'. அதாவது, கலீலியோ வகையறா! டஸ்கனிப் பக்கம் மூத்த பையனுக்குக் குடும்பப் பேரையே வைக்கிற பழக்கமும் இருந்தது. 1564-ல் பீசாவில் பிறந்த தலைச்சன் பிள்ளைக்கு, இசைக் கலைஞரான அப்பா வின்சென்ஸோ அதையே வைத்தார். கலீலியோ வகையறா கலீலியோ ரெடி.

இதுவரைக்கும் காமெடி. மேட்டரே இனிமேதான்.

பதுவாவில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது கலீலியோவுக்கு மரீனா காம்பாவோடு பழக்கம். கல்யாணம் பண்ணிக்கலை. 1600-ல் வர்ஜீனியா, அடுத்த வருஷம் லிவியா, 1606-ல் வின்சென்ஸோ என மூணு குழந்தைகள். ஞானஸ்நானப் பதிவில் அம்மா பேர் இருக்கு. அப்பா பேர்? பையனின் பதிவில் 'தகப்பன் தெரியவில்லை' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 150 வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன டாக்டரின் பேரைப் பெருமையாச் சுமந்த குடும்பம் இது. கண் முன்னாடி நின்ன கலீலியோவின் பிள்ளைகளுக்கு அந்தப் பேர் கிடையாது!

பையன் தப்பிச்சான். 1619-ல் டஸ்கனியின் கிராண்ட் டியூக் அவனைச் சட்டப்படி வாரிசாக்கினார். பேரன், தாத்தா பேரோடு வின்சென்ஸோ கலிலி ஆனான். பொண்ணுங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இவங்களை யார் கட்டிக்குவாங்கன்னு 1613-லேயே ரெண்டு பேரையும் ஆர்செத்ரியில் இருந்த மடத்துக்கு அனுப்பியாச்சு. பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 12 வயசு. எவ்வளவு பெரிய ஜீனியஸா இருந்தாலும், இதுக்கு அவரை மன்னிக்க எனக்கு மனசு வரலை.

வர்ஜீனியா 1616-ல் கன்னியாஸ்திரி ஆகி மரியா செலஸ்தே என்று பேர் வைத்துக்கொண்டாள். 'செலஸ்தே'ன்னா வானம் சம்பந்தப்பட்டது. அப்பா டெலஸ்கோப்பில் பார்த்த அதே வானம்! அவருக்கு அவள் எழுதிய 124 கடிதங்கள் இன்னும் இருக்கு. அவர் சட்டைக் காலரை வெளுத்துக் கொடுத்திருக்கிறாள், மருந்து செய்து அனுப்பியிருக்கிறாள். பூமி சுத்துதுன்னு சொன்னதற்காக 1633-ல் சர்ச் தண்டித்தபோது, வாரம் ஒருமுறை அவர் சொல்ல வேண்டிய ஏழு சங்கீதங்களையும் தானே சொல்றேன்னு ஏத்துக்கிட்டாள். அடுத்த வருஷமே, 33 வயசில், இறந்துபோனாள்.

கலீலியோ 1642-ல் காலமானார். 1737-ல் அவர் உடலை ஃப்ளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் பெரிய கல்லறைக்கு மாற்றினார்கள். அந்த டாக்டர் கலீலியோவும் அங்கேதான் இருக்கிறார். அப்படி மாற்றும்போது விஞ்ஞானியின் பெட்டியோடு ஒரு பெண்ணின் உடலும் இருந்தது. மரியா செலஸ்தேதான் என்று நம்புகிறார்கள். அப்பா பக்கத்திலேயே வைத்தார்கள். அன்னிக்குக் கட்டின கல்லறையில் அவள் பேரைப் பொறிக்கவில்லை.