தெமோலேவும் என் சிவப்பு மையும்

ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோரோடும் ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் தவறு செய்தவன் நானே.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘நான் விரும்பும் உயிரினம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பலர் பூனையையும் கிளியையும் எழுதினர். ஒரு மாணவன் மட்டும், தன் தாத்தா பேராக் ஆற்றில் கண்ட ‘தெமோலே’ என்னும் மீனைப் பற்றி எழுதியிருந்தான். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘பிறமொழிச் சொல், கெண்டை என எழுதுக’ என்று குறித்து, மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

ஓய்வு நேரத்தில் அவன் என்னிடம் வந்தான். “ஐயா, கெண்டை என்றால் எந்தக் கெண்டை?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை!

அன்றிரவு தேடிப் படித்தேன். தெமோலே கெண்டைக் குடும்பத்து மீன்தான். 1880இல் சோவாஜ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குப் ‘புரோபார்பஸ் ஜுல்லியேனி’ என்று அறிவியற் பெயரிட்டார். மெக்கோங் ஆற்றிலும், நம் நாட்டில் பேராக், பகாங் ஆறுகளிலும் வாழ்வது. உடலில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். ஒன்றரை மீட்டர் நீளமும் 70 கிலோ எடையும் எட்டக்கூடியது. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. தெமோலே அந்தத் தொண்டைப் பற்களால் நத்தை, சிப்பிகளின் ஓட்டை நொறுக்கித் தின்கிறது.

இன்று இம்மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதற் பட்டியலில் மீன்கள் மிகச் சிலவே. அவற்றுள் தெமோலேவும் ஒன்று. முட்டையிட இடம்பெயரும் மீனுக்கு அணைகள் பெருந்தடை. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930இலேயே எழுந்துவிட்டது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கெண்டை என்பது ஒரு மீனின் பெயரன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட குடும்பத்தின் பெயர். கெலா, லம்பாம், தெமோலே மூன்றும் அதில் அடங்கும். மூன்றையும் வெறுமனே ‘கெண்டை’ என்று எழுதச் சொன்னால், மாணவன் அறிந்த மூன்று மீன்களை ஒன்றாக்கிவிடுகிறோம். அது மொழிப்பற்று ஆகாது, அறிவுக் குறைப்பு.

‘மலாய்ச் சொல்லைப் புகுத்தினால் தமிழ் கெடாதா?’ என்று சிலர் வினவலாம். பேராக் என்றால் மலாயில் வெள்ளி என்று பொருள். அதற்காக நாம் ‘வெள்ளி மாநிலம்’ என்றா எழுதுகிறோம்? பெயர் வேறு, பொதுச்சொல் வேறு. தமிழில் இதற்கு வழியும் உண்டு. சேல்கெண்டை, புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை என்று அடைமொழி சேர்த்துப் பிரித்தறிவது நம் வழக்கம். அவ்வாறே ‘தெமோலேக் கெண்டை’ என்று எழுதினால், மண்ணின் பெயரும் நிற்கும், தமிழும் நிற்கும்.

மீன்விழி என்னும் உவமையை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். ஆனால், பக்கத்து ஆற்றில் எந்த மீன் வாழ்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவனையும் நான் திருத்திவிட்டேன்! பெயர் தெரியாத ஒன்று அழிந்தால் யார் வருந்துவார்?

பெற்றோரே, சந்தைக்கோ ஆற்றங்கரைக்கோ செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். மீனின் பெயரை விற்பவரிடமே கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அப்பெயர் கட்டுரையில் வந்தால் சிவப்பு மையை எடுக்குமுன் சற்று நில்லுங்கள்.

மறுநாள் அம்மாணவனின் மதிப்பெண்ணைத் திருத்தினேன். கட்டுரையை வகுப்பில் உரக்கப் படிக்கவும் சொன்னேன். அன்று நாங்கள் அனைவரும், நான் உட்பட, ஒரு புதிய மீனை அறிந்துகொண்டோம்.