பழைய கார்: முதலில் பிரேக், கடைசியில் பெயிண்ட்!

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் ரோட்டில், சுசீந்திரம், பொற்றையடி தாண்டினால் கொட்டாரம் வரும். ஒரு காலத்தில் அந்த வழியே அம்பாசிடர் கார்கள் வரிசையாக ஓடின. சூரிய உதயம் பார்க்க வந்தவர்களுக்கும், சுசீந்திரம் கோவிலுக்கு வந்தவர்களுக்கும், கல்யாண வீட்டாருக்கும் அந்தக் கார்தான் வாகனம்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாக வைத்து உருவானது அம்பாசிடர். 1950-களின் கடைசியில் அது வந்தது. வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. 2014 மே மாதத்தில் தொழிற்சாலை நின்றது. அதன் பிறகு புதிய அம்பாசிடர் வரவில்லை.

ஆனால் பழைய கார்கள் இன்னும் இருக்கின்றன. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது என்று பல வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. அம்பாசிடர் மட்டும் அல்ல. பிரிமியர் பத்மினி உண்டு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு உண்டு, பழைய மாருதியும் உண்டு.

இந்தக் காரை என்ன செய்வது? பல குடும்பங்களில் இன்று இதுதான் கேள்வி.

இரண்டு தவறுகள்

சிலர் வெட்கப்பட்டு, வந்த விலைக்குப் பழைய இரும்புக் கடையில் தள்ளி விடுகிறார்கள். பிறகு கடன் வாங்கிப் புதுக் கார் வாங்குகிறார்கள். ஏழு வருடம் தவணை கட்டுகிறார்கள். வீட்டுச் செலவில் கை வைத்துத்தான் அந்தத் தவணை போகிறது.

வேறு சிலர் பழைய காரை "ஜோர்" ஆக்கப் புறப்படுகிறார்கள். பளபளக்கும் பெயிண்ட், அகலமான சக்கரம், ஊரை எழுப்பும் ஹாரன், கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு! பணம் எல்லாம் இதில் கரைந்து விடுகிறது. காருக்கு அடியில் பிரேக் குழாய் வெடித்துக் கிடக்கிறது. அதை யாரும் பார்ப்பது இல்லை.

இரண்டுமே தவறு. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கைக்கு அடங்கிய பணத்தில், சிறுகச் சிறுக, ஒழுங்கான வரிசைப்படி காரைத் திருத்துவதே அது.

வரிசைதான் முக்கியம். வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பாரா? காரும் அப்படித்தான்.

முதல் செலவு: நிற்க வேண்டும்

ஓடாத காரால் ஆபத்து இல்லை. நிற்காத கார்தான் ஆளைக் கொல்லும். ஆகவே முதல் ரூபாய் பிரேக்குக்கு.

பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அதிலும் ஆரம்ப காலக் கார்களில் நான்குக்கும் சேர்த்து எண்ணெய் வழி ஒன்றே ஒன்று. எங்காவது ஓர் இடத்தில் ரப்பர் குழாய் வெடித்தால், நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். மிதித்தால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது.

ஆகவே ரப்பர் குழாய்கள், ரப்பர் வாஷர்கள், தேய்ந்த லைனிங் ஆகியவற்றை முதலில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் சேர்ந்தால் இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடிக்கும். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பிரேக் பிடிக்காமல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. இது பெரிய செலவு அல்ல.

பிந்திய சில அம்பாசிடர் மாடல்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. பணம் சேர்ந்த பிறகு, அதே இனக் காரின் அந்தச் சாமானைப் பொருத்தலாமா என்று யோசிக்கலாம். ஆனால் அனுபவம் உள்ள மேஸ்திரியையும், மோட்டார் வாகன ஆய்வாளரையும் கேட்ட பிறகே அதில் இறங்க வேண்டும்.

இரண்டாவது செலவு: துரு

கொட்டாரத்துக்குக் கடல் பக்கம். உப்புக் காற்று வீட்டு ஜன்னல் கம்பியையே தின்று விடும். போதாததற்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கார் காய்வதற்கு நாள் கிடைப்பது அரிது.

லாரிக்கு அடியில் தனியாகச் சேஸிஸ் இருக்கும். அம்பாசிடருக்கு அப்படிக் கிடையாது. தகரக் கூடுதான் அதன் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் படிப் பகுதியும், தரைத் தகரமும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அங்கே துரு விழுந்தால், அது அழகுக் குறை அல்ல; எலும்பு முறிவு!

துருவின் மேல் பட்டி பூசி, அதன் மேல் பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. வெளியே பார்த்தால் புதுக் கார்; உள்ளே சல்லடை. துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டு செய்வதே சரியான வேலை. ஒரு மழைக்காலத்துக்கு முன்பு இடது பக்கம், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு வலது பக்கம் என்று பிரித்துச் செய்யலாம். வேலை முடிந்த பிறகு அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு வேண்டும். நீர் வடிகிற ஓட்டைகள் மண் அடைக்காமல் இருக்க வேண்டும். கடற்கரைக்குப் போய் வந்த நாளில் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். இதற்குக் காசே தேவை இல்லை.

மூன்றாவது செலவு: டயரும் பெல்டும்

அம்பாசிடருக்கு முதலில் வந்தவை பழைய நூல் டயர்கள். ரேடியல் டயர் போட்டால் ஈர ரோட்டில் பிடிமானம் கூடும். ஆனால் ஒரே அச்சில் ஒரு சக்கரத்துக்கு நூல் டயரும், மறு சக்கரத்துக்கு ரேடியலும் போடவே கூடாது. பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், இரண்டு ரேடியலையும் பின் சக்கரங்களுக்குப் போட வேண்டும். முன்னால் போட்டால் வளைவில் காரின் பின்பாகம் இழுத்துக் கொள்ளும்.

அந்தக் காலத்து அம்பாசிடரில் முன்னால் நீள ஸீட். மூன்று பேர் நெருக்கி உட்காருவார்கள். மடியில் குழந்தை வேறு. பெல்ட் என்ற பேச்சே இல்லை. முன் ஸீட்டுக்குப் பெல்ட் கட்டாயம் ஆனது 1990-களில்தான். அதற்கு முந்திய காரிலும் பெல்ட் பொருத்தலாம். பொருத்த வேண்டும். ஆனால் மெல்லிய தகரத்தில் திருகாணி வைத்து முடுக்கினால் பயன் இல்லை. மோதும்போது பிய்த்துக் கொண்டு வரும். கனமான தகடு வைத்து வெல்டு செய்து, அதில் போல்டு போட வேண்டும்.

நான்காவது செலவு: விளக்கும் எஞ்சினும்

பழைய கார்களில் டைனமோ இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. ஊர் நெரிசலில் நின்று நின்று போனால், ராத்திரி விளக்கு மங்கிவிடும். அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தினால் பாட்டரி நன்றாக நிறையும். பழைய ஒயர்களையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. உறை உரிந்த ஒயர் தீக்கு விருந்து.

இனி எஞ்சின். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் உடலுக்குக் கேடு, நிறுத்தியது நல்லது. ஆனால் பழைய எஞ்சினின் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்து வந்ததும் அந்த ஈயம்தான். ஆகவே ஹெட்டைக் கழற்றும் வேலை எப்போது வந்தாலும், அப்போதே கெட்டியான வால்வு ஸீட் வளையம் போட்டுக் கொள்ள வேண்டும். அதற்காகத் தனியாகக் கழற்ற வேண்டியது இல்லை.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் குழாய்களையும், பம்பின் ரப்பர் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். கார் பல நாள் ஓடாமல் நின்றால் டாங்கின் உள்ளே துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது ஓட்டுவது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயிண்ட், ஸீட் உறை, பாட்டுப் பெட்டி எல்லாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் கார், என் இஷ்டம்" என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் செய்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

தேய்ந்ததை மாற்றுவதும், துருவை வெட்டுவதும் பழுது பார்ப்பது. கூரையை அறுப்பதும், வேறு இனத்து எஞ்சினைத் திணிப்பதும் உருமாற்றம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக் கூடாது. எஞ்சினையோ வண்ணத்தையோ மாற்ற நினைத்தால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். சான்றில் ஒன்றும் காரில் வேறொன்றும் இருந்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணத்துக்கே ஆபத்து.

வீட்டுக் கணக்கு

மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடிகிற குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 24,000 ரூபாய். மூன்று ஆண்டில் 72,000 ரூபாய். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் பணம் சேர்ந்த பிறகே பட்டறைக்குப் போகலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். என்ன தேதி, என்ன சாமான், என்ன விலை என்று எழுத வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மேஸ்திரியை நம்ப வேண்டும். ஆனால் பில் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் சாமானை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

எப்போது கையை விடுவது? அடித்தகரமும் படியும் முழுதும் அரித்துப் போயிருந்தால், பாசத்தை விட்டுவிட வேண்டும். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றுவது பாவம். வேலை தொடங்கும் முன்பே காரைத் தூக்கி வைத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும். பாதிப் பணம் போட்ட பிறகு அழுது பயன் இல்லை.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

புகை கக்கும் வண்டிகளை ரோட்டில் இருந்து அகற்ற வேண்டும் என்பது நியாயமே. ஆனால் வயது மட்டும் குற்றம் ஆகுமா? பிரேக் கெட்ட 6 வயதுக் காரும் உண்டு. ஒழுங்காகப் பராமரித்த 30 வயதுக் காரும் உண்டு. கட்டணத்தை உயர்த்துவது எளிது. ஒவ்வொரு காரையும் தூக்கி வைத்துப் பிரேக்கையும், துருவையும், புகையையும் சோதிப்பதுதான் கடினம். அந்தக் கடின வேலையைத்தான் சர்க்கார் செய்ய வேண்டும். அதில் தேறிய காருக்குக் கட்டணத்தைக் குறைத்தால், செலவழிக்கத் தயங்குகிறவரும் 10,000 ரூபாயைப் பிரேக்கில் போடுவார்.

பழைய காரைத் திருத்துவது வெறும் ஆசை அல்ல. அது சிக்கனம், நாலு பட்டறைத் தொழிலாளிக்கு வேலை, முன்னோர் பொருளைக் காப்பாற்றும் மரியாதை. ஆனால் அந்தக் காரில் ஏறுவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். ஊரார் பார்ப்பது பெயிண்டை. உயிரைக் காப்பது பிரேக். செலவு செய்யும் கை இந்த வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும்.