சுவரைத் தட்டிப் பார்த்தாயா?

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் ஒரு நாள், அதிகாலை மூன்று மணி இருக்கும். எங்கள் அறையில் பெரிய சத்தம் கேட்டது. என் கையால் செய்து மாட்டிய முதல் புத்தகத் தட்டு சுவரைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் பாட்டி படுத்திருந்தார். பலகையின் முனை அவருடைய தலையணையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் குத்தியிருந்தது.

பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. “என்னம்மா, பூனை ஏதும் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

எங்களுடையது மூவறை வீவக வீடு. பாட்டி எங்களோடு தங்க வந்தபோது, நானும் தங்கையும் இருந்த அறை மூன்று பேருக்கான அறையானது. படிப்பு மேசையின்மீது மருந்துகள், துணிகள், என் பாடக்குறிப்புகள் எல்லாம் குவிந்தன. சாதாரண நிலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த தங்கை, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து படித்தாள். ஒரு தட்டு மாட்டினால் மேசை காலியாகும் என்று நினைத்தேன். துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே இருந்த இடம் 72 சென்டிமீட்டர். இணையத்தில் பார்த்த எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே புளோக்கின் கீழே உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு பலகை, இரண்டு ‘எல்’ வடிவத் தாங்கிகள், திருகாணிகள் வாங்கி வந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய ட்ரில்லை எடுத்து, ஒரு காணொளியைப் பார்த்து மாட்டினேன். படம் எடுத்துத் தோழிகளுக்கும் அனுப்பினேன். நான்கு நாள் தாங்கியது.

மறுநாள் காலை அப்பா என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். டொக் டொக் என்று வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல ஒலித்தது. பிறகு எதிர்ச் சுவரைத் தட்டினார். அது சத்தமே போடவில்லை. “ட்ரில்லை எடுக்கறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாத்தியாம்மா?” என்றார்.

நான் துளையிட்டது சுவரே அல்ல. முன்பு குடியிருந்தவர்கள் அறையைப் பிரிக்க வைத்த மெல்லிய தடுப்புப் பலகை அது. செங்கல் சுவரில் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக், திருகாணி உள்ளே போகப் போக விரிந்து சுவரை இறுகப் பிடிக்கும். உள்ளே காற்று மட்டும் இருக்கும் பலகையில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா கட்டடப் பராமரிப்புத் துறையில் தொழில்நுட்பராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறார். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, படிவங்களில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் வந்தால் நான் அதைச் சின்ன எழுத்தில் நிரப்பிவிட்டு வேகமாகத் தாளைத் திருப்பிவிடுவேன். வீட்டில் அவருடைய கருவிப்பெட்டி எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும்கூட அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் ட்ரில்லை எடுத்தேன். காணொளியில் வந்த முகம் தெரியாத ஒருவரைக் கேட்ட நான், அடுத்த அறையில் தூங்குபவரைக் கேட்கவில்லை.

எங்கள் வரவேற்பறையில் ஒரு சாமி மேடை இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா செய்து மாட்டியது. குத்துவிளக்கு, படங்கள், விபூதித் தட்டு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இன்றுவரை அசையாமல் நிற்கிறது. தட்டு விழுந்த மறுநாள்தான் முதன்முறையாகக் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நான் இரண்டு தாங்கிகள் வைத்த நீளத்துக்கு அப்பா மூன்று வைத்திருந்தார். ஒவ்வொரு தாங்கியிலும் நீளமான கை சுவரில் இருந்தது. குட்டைக் கை பலகையின் கீழ் இருந்தது. நான் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

இயற்பியலில் எனக்கு ‘ஏ1’ கிடைத்தது. திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்குவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கணக்கை என் தட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பலகையின் அகலம் 25 சென்டிமீட்டர் என்றால், புத்தகங்களின் எடை சுவரிலிருந்து ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் தூரத்தில் இறங்குகிறது. புத்தகங்கள் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுவரில் இருக்கும் கை 10 சென்டிமீட்டர் என்றால், மேல் திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை மொத்தம் 25 கிலோ எடைக்குச் சமமாகிறது. அந்தக் கை 20 சென்டிமீட்டர் என்றால் இழுவிசை பாதியாகிவிடும். மூன்று தாங்கிகள் இருந்தால் அதையும் மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும். பலகையின் தடிமனை இருமடங்காக்கினால் அது வளையும் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். இதெல்லாம் புத்தகத்தில் உள்ளவைதான். என் தலையிலிருந்து கைக்கு இறங்கவில்லை, அவ்வளவே.

அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு அதே கடைக்குப் போனேன். அப்பாவும் கடைக்காரரும் பேசிக்கொண்டதைக் கேட்டதே ஒரு பாடம். “இந்த இடத்துல சுவர் தாங்காது. எடையைத் தரைக்கு இறக்கிடுவோம்” என்றார் அப்பா. அவர் காட்டியது, வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டம். நம்மில் பலர் வீட்டுச் சாமான் அறையில் அரிசி மூட்டையையும் பழைய பெட்டிகளையும் தாங்கி நிற்கும் சாம்பல் நிற ரேக் இதில் செய்ததுதான்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கொமினோ என்பவர், ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனியாக ரேக் செய்து, தேவை முடிந்ததும் அதைத் தூக்கிப் போடுவதைப் பார்த்து அலுத்துப்போனார். கழற்றி மாற்றிப் பூட்டக்கூடிய ஒரே சட்டம் இருந்தால் என்ன என்று யோசித்தார். 1947ல் ‘டெக்சியன்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பற்றவைக்க வேண்டாம், ஆசாரி வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும்.

எங்களுக்கு வேண்டிய அளவில் கடையிலேயே வெட்டிக் கொடுத்தார்கள். நான்கு கால்கள், மூன்று தட்டுகள், மூலைகளில் முக்கோணத் தகடுகள். அந்தத் தகடுகள் இல்லாவிட்டால் ரேக் பக்கவாட்டில் ஆடும். வெட்டிய முனை கையைக் கிழிக்காமலும் தரையைக் கீறாமலும் இருக்க, கால்களுக்கு ரப்பர் மூடி. 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் பூசினோம். உப்புத்தாளில் முதலில் 120ஆம் எண், பிறகு 240. எண் கூடக்கூட மணல் நுண்மையாகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரும்புக்கு வெள்ளை நிறம் தங்கையின் தேர்வு. யாராவது இழுத்தால் முன்னால் சாய்ந்துவிடாதபடி, மேல் பகுதியைப் பக்கத்திலிருந்த கெட்டியான சுவரோடு ஒரு தாங்கியால் பிணைத்தோம். மொத்தச் செலவு அறுபது வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

“அந்தக் காசுக்கு இணையத்தில் இதைவிட அழகான அலமாரி கிடைக்குமே?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். என் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், நாமே செய்வது எப்போதும் மலிவு என்று யாரும் சொல்ல முடியாது. சின்ன வீட்டில் கருவிகளை வைக்க இடமும் வேண்டும். ‘நானே செய்தேன்’ என்று படம் போடுவதற்காகப் பொருள் வாங்கிக் குவித்து, பாதியில் விட்டுக் குப்பைக்கு அனுப்புவது வீண்செலவு. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவு அலமாரி ஈரம் பட்டால் உப்பிப்போகும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது என்பதும் உண்மை. எங்கள் ரேக்கை நாளை வீடு மாறினால் கழற்றி வேறு அளவில் பூட்டலாம். எப்படிச் செய்தோம் என்பது தெரிந்ததால், எப்படிப் பழுது பார்ப்பது என்பதும் தெரியும்.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974ல் ஒரு வேலை செய்தார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டு யாரும் செய்யக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில் வரைபடங்களை, அஞ்சல் செலவை மட்டும் அனுப்பியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். ஒரு பொருளைத் தானே செய்து பார்த்தவருக்கு, கடையில் இருப்பதன் தரத்தை எடைபோடும் கண் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது வந்திருக்கிறது. இப்போது எந்த அலமாரியைக் கண்டாலும் முதலில் குனிந்து அடியில் பார்க்கிறேன்.

தொடங்க நினைக்கும் மாணவர்கள் துளையிடும் வேலையோடு தொடங்க வேண்டியதில்லை. பிவிசி குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, முனைகளைத் தேய்த்து, ஒன்றோடொன்று ஒட்டினால் பேனா, தூரிகை, கத்தரிக்கோல் வைக்கும் கூடு கிடைக்கும். காலி மைலோ டின்னைச் சுற்றிச் சணல் கயிறு ஒட்டினால் பூச்சாடி. ‘எஸ்’ கொக்கிகளும் ஒரு கம்பியும் இருந்தால் சமையலறைக் கரண்டிகள் தொங்க இடம் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் தொடாமல் தரையில் நிற்கும் பொருள்களைச் செய்யலாம்.

துளையிடத்தான் வேண்டும் என்றால் சில விதிகள். சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளையிடாதீர்கள். மின்கம்பி அந்த வழியில் ஓடக்கூடும். வீட்டிலுள்ள பாதுகாப்பு அறையின் சுவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. படிக்காமல் கை வைக்காதீர்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். செய்த அலமாரியை வீட்டுக்கு வெளியே வைப்பதாக இருந்தால், பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். கைக்குழந்தை தூங்கும் பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ட்ரில்லை ஓட்டுங்கள்.

நம் உயர்நிலைப் பள்ளிகளில் முதல் ஈராண்டுகள் எல்லா மாணவர்களும் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தைப் படிக்கிறோம். ரம்பத்தையும் அரத்தையும் பிடிக்கிறோம். அதன்பின் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. “இதெல்லாம் தேர்வுக்கு உதவாது” என்று வீட்டிலும் சொல்வார்கள். “ஒழுங்காகப் படிக்காவிட்டால் சுத்தியல்தான் பிடிக்க வேண்டும்” என்ற மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ட்ரில்லு?” என்று என்னிடமே உறவினர் ஒருவர் கேட்டார். படிக்காததற்குத் தண்டனையாகக் கைவேலையைக் காட்டினால், அந்த வேலை செய்து நம்மைப் படிக்கவைப்பவரை நாம் எப்படிப் பார்ப்போம்? படிவத்தை வேகமாகத் திருப்பிய என்னைப்போலத்தான் பார்ப்போம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழாய் கசிந்தாலோ கதவு இறுகினாலோ, “நீ போய்ப் படி” என்று பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் நிறுத்தி, டார்ச் விளக்கையாவது பிடிக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கருவிப்பெட்டி இருக்கலாம். அதைத் திறப்பதற்கு முன், அதன் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

எங்கள் ரேக் ஓராண்டைத் தாண்டிவிட்டது. மேல் தட்டில் என் புத்தகங்கள், நடுவில் தங்கையுடையவை, எட்டும் உயரத்தில் பாட்டியின் மருந்துகளும் வெற்றிலைப் பெட்டியும். தங்கை மீண்டும் மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் தேர்வு எழுதினாள். தடுப்புப் பலகையில் இருந்த ஓட்டையை அப்பா என்னையே அடைக்கச் சொன்னார். பூசிய இடம் இன்னும் சற்று மேடாகத் தெரிகிறது. அதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை 240ஆம் எண் உப்புத்தாள் வாங்கப் போகிறேன்.