வேலை போனால் வீடும் போக வேண்டுமா?

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் அப்பா கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு முதுகுவலி, மலைக்குப் போய் எட்டு மாதமாகிறது. "செக்ரோலில் உங்கள் வீட்டுப் பேர் ஒன்றும் இல்லை, காம்பராவை விடுங்கள்" என்று தோட்டத்துக் கந்தோரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பிள்ளையின் பாட்டி பிறந்ததும் அதே 10க்கு 12 அடிக் காம்பராவில்தான். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்.

இதே பேச்சைக் கேட்டவர்கள் நம் அங்கத்தவர்களில் பலர். சம்பளம் தருபவரே கூரைக்கும் சொந்தக்காரராக இருந்தால், தொழிலாளி சம்பளத்துக்காகக்கூட வாய் திறக்கப் பயப்படுவார்.

இந்தப் பாடத்தை அமெரிக்கத் தொழிலாளர்களும் படித்திருக்கிறார்கள். சிக்காகோவுக்குப் பக்கத்தில் ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனி தன் தொழிலாளர்களுக்கென்று ஒரு நகரத்தையே கட்டி வாடகைக்கு விட்டது. 1893 நெருக்கடியில் கம்பெனி சம்பளத்தை வெட்டியது, வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்தது. படையை இறக்கி அதை அடக்கினார்கள். ஆனால் 1898இல் இலினோய் உயர்நீதிமன்றம், தொழிலுக்குத் தேவையில்லாத அந்த வீடுகளைக் கம்பெனி விற்றுவிட வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

இன்று அங்கே அரசின் வாடகை உதவி கிடைக்கும் குடும்பம், வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதத்தைக் கட்டுகிறது. மிச்சத்தை அரசு கட்டுகிறது. வேலை மாறினால் வீடு பறிபோவதில்லை. வருமானம் குறைந்தால் வாடகையும் குறைகிறது. உதவிக்காக வருடக்கணக்கில் காத்திருப்போர் அங்கேயும் ஏராளம். ஆனாலும் முதலாளியின் கையில் வீட்டுச் சாவி இல்லை.

நம் நிலைமை என்ன? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனபோதும், கண்டி, மாத்தளைப் பக்கம் பல தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ என்று அரசின் கையிலேயே தங்கின. அங்கெல்லாம் காணிக்காரரும் அரசு, முதலாளியும் அரசு. "கம்பெனி விடமாட்டேன் என்கிறது" என்ற சாக்கு இங்கே செல்லாது.

7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு பழையது. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளில் முதல் 1,300க்கான வேலை ஆரம்பமானது 2024இல்தான். அதுவரை லயத்தில் இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

நமது கோரிக்கை மூன்று. குடியிருக்கும் குடும்பத்தை, செக்ரோலில் பேர் இல்லை என்பதற்காக வெளியேற்றக்கூடாது. வீட்டுரிமைக்குத் தோட்ட வேலை நிபந்தனையாகக்கூடாது. பென்சன் எடுத்தவரும் டவுனில் உழைப்பவரும் இந்த மண்ணின் குடிகளே. கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் காணி உறுதி கையில் வரவேண்டும், அதில் மனைவியின் பேரும் இருக்க வேண்டும்.

கந்தோரிலிருந்து வாய்ச்சொல்லாக வரும் உத்தரவுக்குக் காம்பராவை விட்டுவிடாதீர்கள். கடிதம் கேளுங்கள். கையொப்பம் போடுமுன் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் பதிவு, கரண்ட் பில் ஆகியவற்றின் பிரதியை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். லயம் லயமாகப் பட்டியல் போடுவோம். ஒரு வீட்டுக்கு வந்த பிரச்சினை சங்கத்தின் பிரச்சினை.